பாளையங்கோட்டையிலிருந்து கியூ வரை: ஒரு வரியின் பயணம்

‘63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி.’

இவ்வளவுதான் அந்த வரி. அதற்கு மேலே லாயல் நார்த் லங்காஷயர் ரெஜிமென்டின் 2-வது பட்டாளம். கீழே 98-வது இன்ஃபன்ட்ரி, 101-வது கிரனேடியர்ஸ். நான்கும் சேர்ந்தால் 27-வது பெங்களூர் பிரிகேட். 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய ‘இந்தியப் பயணப்படை பி’யின் ஒரு பாதி இது.

ஒரு படை களத்துக்குப் போகும்போது, அதில் எந்தப் பட்டாளம் எந்த பிரிகேடுக்குக் கீழே, அந்த பிரிகேட் எந்தத் தளபதிக்குக் கீழே என்று எழுதிவைக்கும் பட்டியலைப் படைவரிசை என்று சொல்லலாம். ராணுவத்தார் வாயில் அது ‘ஆர்பாட்’. குடும்பத்துக்கு வம்சாவளி எப்படியோ, படைக்கு ஆர்பாட் அப்படி. பார்ப்பதற்கு வறண்ட பட்டியல். ஆனால் அதில் வரும் ஒவ்வொரு வரியும் எங்கோ பிறந்து, எங்கெங்கோ அலைந்து அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. பாளையங்கோட்டையின் பெயரைச் சுமந்த இந்த வரி இன்று லண்டனில் இருக்கிறது. அது அங்கே போய்ச் சேர்ந்த கதை இது.

பட்டாளம் என்ற சொல்லே ஐரோப்பியரின் ‘பட்டாலியன்’ நம் வாயில் புரண்டு பெற்ற உருவம். சொல்லோடு ஆட்களும் வந்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். அந்தக் காலத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி, தான் கூலிக்கு வைத்திருந்த சிப்பாய்களை ஒழுங்கான பட்டாளங்களாகத் திரட்டியது. 63-வது பட்டாளம் தன் பிறப்பை 1759 என்று கணக்கிடுவது அதனால்தான். பாளையங்கோட்டையில் கம்பெனியின் கோட்டைப்படை இருந்தது. பாளையக்காரர்களோடு நடந்த போர்களில் கம்பெனிக்குத் தெற்கே ஊன்றுகோல் அந்த ஊர். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைச் சிறை வைத்ததும் அங்கேதான். 1801 பிப்ரவரியில் அவர் தப்பியதும் அங்கிருந்துதான். அப்படிப்பட்ட ஊரின் பெயர் கம்பெனிப் பட்டாளம் ஒன்றுக்கு விருதுப் பெயராக ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டபோதே உருமாறியும் விட்டது. நமக்கு அது பாளையங்கோட்டை, செல்லமாகப் பாளை. ஆங்கில ஏடுகளில் அது ‘பாலம்கோட்டா’. இந்த எழுத்துப் பிசகை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு மாற்றம் 1903இல் வந்தது. இந்தியாவின் முதன்மைத் தளபதி கிச்சனர், மதராஸ், வங்காளம், பம்பாய் என்று தனித்தனியாக எண் போட்டிருந்த பட்டாளங்களையெல்லாம் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தார். மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது, பம்பாய்க்கு 100. அதுவரை 3-வது மதராஸ் இன்ஃபன்ட்ரியாக இருந்தது ஒரே நாளில் 63 ஆனது. பக்கத்து வரியில் இருக்கும் 101-வது கிரனேடியர்ஸ் பழைய பம்பாய் 1-வது. ஆகவே 1903க்கு முந்தைய ஏடுகளில் 63-ஐத் தேடினால் கிடைக்காது. 60-ஐக் கழித்துவிட்டுத் தேட வேண்டும்.

எண் கூடினாலும் மதிப்பு கூடவில்லை. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதியாக இருந்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று நம்பினார். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானபோது அந்த நம்பிக்கையைக் கொள்கையாக்கினார். ‘போர்க்குடிகள்’ வடக்கேதான் இருக்கிறார்கள் என்று முடிவுகட்டி மதராஸ் பட்டாளங்களைக் குறைத்தார்கள். மிஞ்சியவற்றுக்கும் போர்முனை வாய்ப்பு அரிதானது. வெயிலில் கவாத்து, கோட்டைக் காவல் என்று ஒரு தலைமுறை கழிந்தது. அதற்குப் பிறகுதான் 63-வது பட்டாளம் கப்பலேறியது.

1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் ஏறத்தாழ 8,000 பேர் இருந்தார்கள். தளபதி மேஜர் ஜெனரல் ஆர்தர் ஏட்கன். பெங்களூர் பிரிகேடுக்கு வாப்ஷேர், இன்னொரு பாதியான சமஸ்தானப் படை பிரிகேடுக்கு டைய். கடற்பயணக் குமட்டலில் வாடியவர்களை மொம்பாசாவில் இறக்கி ஓய்வு கொடுக்கலாம் என்ற யோசனையைத் தளபதி ஏற்கவில்லை. நவம்பர் 2 இரவு, ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்துக்குப் பக்கத்தில், சதுப்புக் கரையில் இறக்கினார்கள். அதற்கு முன் ‘ஃபாக்ஸ்’ என்ற போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் போய், சண்டை வரப்போகிறது என்று முறைப்படி சொல்லிவிட்டும் வந்திருந்தது. எதிரித் தளபதி பால் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக்குக்கு ரயிலில் ஆட்களைக் கொண்டுவர வேண்டிய அவகாசம் கிடைத்தது.

நவம்பர் 4. ரப்பர்த் தோட்டமும் புதரும் மண்டிய இடத்தில் முன்னேறினார்கள். வலப்பக்கம் லங்காஷயர்காரர்கள், இடப்பக்கம் கிரனேடியர்கள், நடுவே 63. எந்திரத் துப்பாக்கிகள் முழங்கியதும் நடு வரி கலைந்தது. வரிசையில் ஓட்டை விழுந்தது. கூடவே மரங்களிலிருந்த தேன்கூடுகள் கலைந்து, தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டின. 98-வது பட்டாளம் அதில் மாட்டிச் சிதறியது. மறுநாள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பினார்கள். எண்ணூறுக்கு மேற்பட்டோர் செத்தும் காயம்பட்டும் போக, எந்திரத் துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் கரையிலேயே கிடந்தன. ஏட்கனுக்கு அதன்பின் களத் தலைமை கிடைக்கவே இல்லை.

தோல்விக்கு ஒரு முகம் வேண்டும். 63-வது பட்டாளம் அந்த முகமானது. ஒரு நாள் முன்னால், நவம்பர் 3 அன்று, 13-வது ராஜ்புத் பட்டாளமும் இதே மண்ணில் பின்வாங்கியதையோ, உளவும் ஓய்வும் இல்லாமல் ஆட்களை இறக்கியதையோ பேசியவர்கள் குறைவு. உளவு அதிகாரியாகக் கூட வந்த ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் தன் நாட்குறிப்பில் இந்திய வீரர்களைக் கேவலமாகச் சாடினார். 1960இல் அச்சான அந்த நாட்குறிப்பைத்தான் பல நூல்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டன. அவர் தன் நாட்குறிப்புகளைப் பின்னாளில் உட்கார்ந்து திருத்தி எழுதியவர் என்பதை பிரையன் கார்ஃபீல்ட் 2007இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதிக் காட்டினார்.

அப்படியானால் எதை நம்புவது? அங்கேதான் ஒரு தாள் கதைக்குள் வருகிறது. ராணுவப் படிவம் சி.2118. பிரிட்டிஷ் களச் சேவை விதிகளின்படி, போர்முனையிலிருக்கும் ஒவ்வொரு பட்டாளமும் தலைமையகமும் அன்றன்று நடந்ததை இந்தப் படிவத்தில் எழுத வேண்டும். இடம், தேதி, நேரம், நடந்ததன் சுருக்கம், குறிப்புகள் என்று பத்திகள். பெரும்பாலும் பட்டாளத்தின் அட்ஜுடன்ட், அகப்பட்ட பென்சிலால், மழையிலும் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் எழுதியது. ஒரு நகல் பட்டாளத்திடம் இருக்க, மூலம் மாதக் கடைசியில் மேலே போக வேண்டும். எதற்கு என்றும் விதியே சொல்லிவிடுகிறது: பின்னால் போரின் வரலாறு எழுத ஆதாரம் வேண்டும், அமைப்பையும் பயிற்சியையும் திருத்தத் தகவல் வேண்டும். பெருமை பேச இடமில்லாத படிவம் அது. அதனாலேயே அதற்கு மதிப்பு. ஓடியதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

போர் முடிந்ததும் பல கண்டங்களிலிருந்தும் இந்தத் தாள்கள் லண்டனில் வந்து குவிந்தன. பேரரசுப் பாதுகாப்புக் குழுவின் வரலாற்றுப் பிரிவு, ஜேம்ஸ் எட்மண்ட்ஸ் தலைமையில், தேம்ஸ் கரையோரக் கட்டிடம் ஒன்றில் அவற்றை வைத்துக்கொண்டு அதிகாரபூர்வ வரலாற்றை எழுதத் தொடங்கியது. அதே பிரிவின் மேஜர் பெக், பிரிட்டிஷ் டிவிஷன்கள் ஒவ்வொன்றின் படைவரிசையையும் பொறுமையாகத் தொகுத்து 1935 முதல் புத்தகங்களாக வெளியிட்டார். இன்றும் இத்துறையில் தேடுகிறவர்களுக்கு அது அடிப்படை நூல். இந்திய டிவிஷன்களுக்கு அதே வரிசையில் ஒரு பாகம் வர 1993 ஆனது, எஃப்.டபிள்யூ. பெரி தொகுத்தார். இடையில் இருந்தது ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வெற்றிடம்.

கிழக்கு ஆப்பிரிக்க வரலாற்றின் கதி இன்னும் மோசம். சார்ல்ஸ் ஹோர்டன் தொகுத்த முதல் பாகம் 1941இல், இன்னொரு உலகப் போருக்கு நடுவே அச்சானது. டாங்கா அதில் இருக்கிறது. நம் வரியும் இருக்கிறது. இரண்டாம் பாகம் வெளிவரவே இல்லை.

லண்டனில் இருப்பதாலேயே காகிதம் பத்திரம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1940 செப்டம்பரில் தென் லண்டனின் வால்வர்த் பகுதியில், ஆர்ன்சைட் தெருவிலிருந்த போர் அலுவலகக் கிடங்கின்மேல் ஜெர்மன் குண்டு விழுந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் சேவைப் பதிவுகளில் பாதிக்கு மேல் எரிந்தன. மிஞ்சியவற்றை இன்றும் ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே அழைக்கிறார்கள். பட்டாளங்களின் நாட்குறிப்புகள் தப்பின. ஆளின் கதை எரிந்து, பட்டாளத்தின் கதை மிஞ்சியது.

தப்பிய தாள்கள் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. அரசு ஆவணங்களை ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்றது 1958ஆம் ஆண்டுச் சட்டம். 1967இல் அதை முப்பதாகக் குறைத்தார்கள். 1960களில் போர் நாட்குறிப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1977இல் மேற்கு லண்டனின் கியூ பகுதியில் புதிய கட்டிடம் எழுந்தது. முன்பு பொது ஆவணக் காப்பகம் என்று பெயர். 2003இலிருந்து தேசிய ஆவணக் காப்பகம். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கி நடந்தால், குளத்துக்குப் பின்னால் கோட்டை மாதிரி நிற்கும் கான்கிரீட் கட்டிடம். உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும். பென்சிலால் எழுதிய தாளைப் பார்க்கப் பென்சிலோடு போவது ஒருவகையில் பொருத்தம்தான்.

அங்கே இந்த நாட்குறிப்புகளின் முகவரி ‘டபிள்யூ.ஓ. 95’. சுமார் 15 லட்சம் பக்கம். இவற்றை அகரவரிசையில் அடுக்கவில்லை, தேதிப்படியும் அடுக்கவில்லை. முதலில் போர்முனை, அதற்குள் கோர், அதற்குள் டிவிஷன், அதற்குள் பிரிகேட், கடைசியில் பட்டாளம். அதாவது அந்த அலமாரிகளே ஒரு படைவரிசை. ஒரு பட்டாளத்தின் தாளை எடுக்க வேண்டுமானால், அது எந்த ஆண்டு எந்த பிரிகேடில் இருந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். டிவிஷன் மாறியிருந்தால் பெட்டியும் மாறும். ஆர்பாட் என்ற வறண்ட பட்டியலை ஆராய்ச்சியாளர்கள் விடாமல் துரத்துவதற்குக் காரணம் இதுதான். அது சாவிக்கொத்து.

2014 ஜனவரியில், போர் நூற்றாண்டை ஒட்டி, இந்தத் தாள்கள் திரைக்கு வரத் தொடங்கின. முதல் தவணையில் 1,944 நாட்குறிப்புகள். லாம்பெத்திலுள்ள போர் அருங்காட்சியகமும் ‘ஸூனிவர்ஸ்’ தளமும் சேர்ந்து ‘ஆபரேஷன் வார் டயரி’ என்ற பணியைத் தொடங்கின. உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகப் படித்து, ஊர், பெயர், நாள் ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தார்கள். பிரான்சில் போரிட்ட இந்திய டிவிஷன்களின் ஏடுகளும் தொடர்ந்து வந்தன. 2020 ஏப்ரலில், கொரோனா பூட்டின்போது, கணக்குத் தொடங்கியவர்கள் தன் மின்வடிவ ஆவணங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று கியூ அறிவித்தது. அதுவரை காசு கொடுத்து வாங்கியதை, திருநெல்வேலியில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் பார்க்கலாம் என்றானது.

சரி, நீங்கள் தேட உட்காருகிறீர்கள். ‘பாளையங்கோட்டை’ என்று இன்றைய ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒன்றும் வராது. ‘பாலம்கோட்டா’ என்று துரைமார் எழுதியபடி அடிக்க வேண்டும். திருச்சிக்கு ‘டிரிச்சினாபொலி’, வாலாஜாபாத்துக்கு அவர்கள் போட்ட நீண்ட எழுத்துக்கூட்டு. இரண்டாவது, எண்: 1903க்கு முன்னா பின்னா என்று பார்த்து 60-ஐக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். மூன்றாவது, மேலிருந்து கீழே இறங்க வேண்டும். பட்டாளத்தின் ஏட்டில் பக்கம் குறைந்திருந்தால் பிரிகேட் ஏட்டைப் பாருங்கள். ஒரே சண்டையை மேலதிகாரியும் எழுதியிருப்பார். பட்டியலில் இறக்கிக்கொள்ளும் பொத்தான் இல்லாத பெட்டிக்கு மட்டும் கியூவுக்கு நேரில் போக வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்டி நகல் கேட்க வேண்டும்.

லண்டனில் இன்னொரு வாசலும் உண்டு. செயின்ட் பாங்க்ரஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் 14 கிலோமீட்டர் அலமாரியில் நிற்கின்றன. மதராஸ் படையின் பழைய பட்டியல்கள், அதிகாரிகளின் பணிக் குறிப்புகள், இந்தியப் படைத் தலைமையகத்தின் போர்க்காலத் தந்திகள் எல்லாம் ராணுவத் துறைக் கட்டுகளில் கிடக்கின்றன. 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் அந்த நூலகத்தின் இணைய வசதிகள் மாதக்கணக்கில் முடங்கின. அப்போதுதான் பலருக்கு உறைத்தது, திரையில் இருப்பதும் ஒரு குண்டுக்குத் தப்பியதில்லை என்று. நல்ல வேளையாக எல்லாம் ஒரே கூடையில் இல்லை. வளைகுடா, மெசபொடேமியா தொடர்பான கட்டுகள் கத்தார் மின்னூலகத்தில் இருக்கின்றன. ராணுவப் பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஏற்றி வைத்திருக்கிறது. டெல்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தையும் மறக்கக் கூடாது; லண்டனுக்குப் போன தந்தியின் மறுமுனை அங்கே இருக்கும்.

இத்தனை கதவும் திறந்து, ஏடும் கிடைத்து, பக்கத்தையும் புரட்டிவிட்டோம். தேடி வந்த தாத்தாவின் பெயர் இருக்குமா? இருக்காது. வெள்ளை அதிகாரி ஒருவர் இறந்தால் பதவியோடு பெயர் எழுதப்பட்டிருக்கும். இந்திய சிப்பாய் இறந்தால், ‘ஐ.ஓ.ஆர்.’ என்ற மூன்று எழுத்து, பக்கத்தில் ஓர் எண். ‘இந்திய மற்ற அணியினர்’ என்பதன் சுருக்கம் அது. தன்னார்வலர்கள் இரவு பகலாகக் குறித்துக் கொடுத்த பெயர்களில் நம்மவர் பெயர் அருகிப்போனதற்கு அவர்கள் காரணமில்லை. எழுதாத பெயரை யாரும் குறிக்க முடியாது. ஊரின் பெயர் மட்டும் உலகம் சுற்றியது. ஊர்க்காரனின் பெயர் முதல் தாளிலேயே விட்டுப்போனது.

காகிதத்தில் விட்டது கல்லிலும் விட்டுப்போனது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்று அதுவே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. இவர்களில் பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சார்ந்தவர்கள். நம் ஊரிலும் இதே கணக்குத்தான். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டின் கல்வெட்டு, இங்கிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. எண் இருக்கிறது. பெயர் இல்லை.

பெயர்களை மீட்க முடியாது என்பதில்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் நூறாண்டாகக் கிடந்த பஞ்சாப் வீரர்களின் பதிவேடுகள் 26,000 பக்கம், 3,20,000 பெயர். பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் பாரம்பரியச் சங்கமும் லண்டனின் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இலிருந்து அவற்றை இணையத்தில் ஏற்றிவருகின்றன. ஊர்ப் பெயரைப் போட்டால் அந்த ஊரிலிருந்து போனவர்கள் வருகிறார்கள். கேட்டவர்கள் இருந்ததால் கிடைத்தது.

நம் தரப்பில் கேட்க வேண்டிய இடம் முதலில் நம் வீடு. பரணில், தகரப் பெட்டியில், பூஜை அறைச் சாமான்களுக்கு நடுவே ஒரு வெள்ளிப் பதக்கம் கிடந்தால் அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், பட்டாளம் ஆகியவை விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய டிஸ்சார்ஜ் சான்று, பென்ஷன் தாள், சீருடையோடு எடுத்த ஒரு போட்டோ எது இருந்தாலும் கைப்பேசியில் படமெடுத்து, ஊரையும் பெயரையும் எழுதி வையுங்கள். உள்ளூர் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு ஒரு பிரதி கொடுங்கள். பழைய பாத்திரத்தோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கியூவின் 15 லட்சம் பக்கங்களில் இல்லாத பெயர் அந்த விளிம்பில் இருக்கிறது.